துவைத்த சட்டை

என் பணிப் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்குக் கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அதை வாங்குவதற்காகப் போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். அவசரப் பிரிவில் இருந்த இரண்டு சின்ன வயது நர்ஸுகள் என்னை உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தார்கள். மேசையில் புதிதாக அச்சடித்த படிவம் ஒன்று கிடந்தது. விஷம் ஏறி வருகிறவர்களுக்கு நிரப்புவது. அதில் 'விஷம் உடலில் சேர்ந்த விதம்' என்று ஒரு கட்டம், அதற்குள் வாய், தோல், மூச்சு என்று மூன்று சின்னக் கட்டங்கள்.

"உங்க காலத்துல எப்படி எழுதுவீங்க சிஸ்டர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க காலத்துல கட்டமெல்லாம் கிடையாதும்மா, ஒரு வரிதான்" என்று சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அவள் கேட்டதற்கு ஒழுங்கான பதில் இதுதான்.

ஆண்டிபட்டியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். மதுரையில் மூன்று வருடம் நர்ஸுக்குப் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் படுக்கை விரிக்கவும், திட்டு வாங்கவும், திட்டவும் கற்றுக்கொண்டேன். மூன்றாவதில் எனக்கு முதல் மதிப்பெண். பிறகு அங்கே இங்கே போட்டார்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ், இரண்டு அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சொல்லி, உண்மைக் காரணம் எனக்கே மறந்துவிட்டது. தனியாக இருக்கிறவளுக்கு வேலையில் கண்டிப்பு ஒரு துணை. வார்டில் என் சத்தம் கேட்டால் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் இருக்கிற தூக்குவாளியை எடுத்து ஒளிப்பார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இந்தப் பக்கத்தில் திராட்சையைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கொடியைப் படர விடுவார்கள். நெல்லுக்கு மருந்தடிப்பவன் தனக்கு முன்னால் அடிப்பான். திராட்சைக்கு அண்ணாந்து அடிக்க வேண்டும். இலையில் ஒட்டியது போக மீதி அடித்தவன் தலையில், தோளில், மாரில் சொட்டும். சட்டை கெட்டுவிடும் என்று அதைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். அடிப்பவர்கள் எல்லோரும் காலனி ஆட்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் பின்னால் மருந்து வருகிற ஓஸ் குழாயை இழுப்பார்கள். காலனியும் பந்தல்களுக்கு நடுவில், தாழ்ந்த இடத்தில் இருந்தது. மருந்தடிக்கிற நாளில் குடத்தை மூடி வைப்பார்கள், கைக்குழந்தையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். கிணறு பந்தலுக்குள்ளேயே இருந்தது, அதை மூட முடியாது. தோட்டக்காரர்களின் வீடுகள் சாலையோரம், மாடி வைத்து, காற்று வேறு பக்கமிருந்து வருகிற இடத்தில் இருந்தன.

இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் பந்தலுக்குள் கால் வைத்ததே இல்லை. பஸ்ஸிலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அதே மருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்களைத்தான். கடன், சண்டை, காதல் என்று எது வந்தாலும் இந்தப் பக்கத்தில் கை போகிற இடம் அந்த டப்பாதான். ஆளைத் தூக்கி வந்து போடும்போதே வாசலில் வாடை அடிக்கும். வாடை அடித்தால் குடித்திருக்கிறார், அவ்வளவுதான். யாரும் வேறு மாதிரி யோசித்ததில்லை. கூட வந்தவர்கள் எப்போதும் "குடிக்கல" என்றுதான் சொல்வார்கள். போலீஸுக்குப் பயம். அதனால் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதும் எங்கள் பழக்கம்.

வந்தவுடன் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்போம். குழாயை மூக்கு வழியாக வயிற்றுக்குள் இறக்கி, புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றி, தாழ்த்தி வெளியே எடுப்போம். தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும். முதலில் வந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து முத்திரை வைக்க வேண்டும். அதற்குள் இன்னொரு நர்ஸ் விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசி மருந்தை உடைத்துக்கொண்டிருப்பாள். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கும். அது விரிய வேண்டும், நாடி ஏற வேண்டும், நெஞ்சில் கொரகொரப்பு அடங்க வேண்டும், அக்குள் உலர வேண்டும். அதுவரை ஊசி, பார்வை, ஊசி, பார்வை. பக்கத்தை விட்டு நகர முடியாது.

அந்த அளவைக் கணிப்பதில் எங்கள் தலைமை டாக்டருக்கு இணை கிடையாது. மதுரைக்கு அனுப்பாமல் இங்கேயே எத்தனையோ பேரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். மெலிந்த மனிதர், சத்தம் போடவே மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் நோயாளியின் அக்குளில் விரலை வைத்திருப்பார், பிறகு எண்ணை மட்டும் சொல்வார். ஒரு நோயாளியை முடித்ததும் குழாயடியில் நின்று விரல் விரலாகக் கை கழுவுவார். கூட வந்தவர்களிடம் பேச மாட்டார். அவர்கள் ஏதாவது சொன்னால் என்னைப் பார்த்து, "புத்தகத்துல என்ன இருக்கு சிஸ்டர்?" என்பார். விபத்துப் பதிவேட்டை டாக்டர்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவர் வெளிநோயாளிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

கவாத்து வெட்டி, கொடி துளிர்விடுகிற சமயம். துளிர் வந்துவிட்டால் அடுத்தடுத்து மருந்தடிப்பார்கள். மதியம் மூன்று மணி இருக்கும். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்றில் மாரிச்சாமியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுக்குள் இருப்பார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, தொடைச் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. வாடை அடித்தது. ஆனால் நீலம் போட்டுத் துவைத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல், கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. தலையைக்கூடக் கையால் கோதி விட்டிருந்தார்கள்.

அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்தேன். வேலையிலிருந்து வந்தவர் இப்படி இருக்க மாட்டார். வீட்டில் இருந்திருக்கிறார், நல்ல சட்டையாக எடுத்துப் போட்டிருக்கிறார், பிறகு குடித்திருக்கிறார். அப்படி வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"எந்த மருந்து குடிச்சாரு?" என்று அவர் மனைவியைக் கேட்டேன். பாண்டியம்மாள் என்று பெயர். சேலையை முட்டிக்கு மேலே செருகியபடியே வந்திருந்தாள்.

"குடிக்கலம்மா. திராச்சைக்கு அடிச்சாக. கெறக்கமா வருதுன்னு சொன்னாக, அங்கனயே விழுந்துட்டாக."

"எல்லாரும் இதத்தான் சொல்றீக. வீட்டுல என்ன சண்டை?"

"சண்டையே இல்லம்மா. அவுக பீடிகூடக் குடிக்க மாட்டாக."

"சரி, தள்ளி நில்லு."

வயிற்றைக் கழுவினோம். முதலில் வந்த தண்ணீரில் கேழ்வரகுக் கூழ் மட்டும்தான் இருந்தது. வாடையும் இல்லை, எண்ணெயும் மிதக்கவில்லை. கண்ணில் பட்டது, அதற்கு மேல் நான் அதைப் பற்றி நினைக்கவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது. சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு ஊசி போட்டோம். காலனி ஆள் ஒருவர் இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறாரே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன் வேறு. பிறகு கை கழுவிவிட்டுப் பதிவேட்டை எடுத்து எழுதினேன்: 'இன்று மதியம் தன் வீட்டில் பூச்சிமருந்து குடித்ததாகக் கூறப்படுகிறது.' யார் கூறினார்கள் என்று அந்த வரியைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. கூறியது நான்தான்.

சாயங்காலம் கண்மணி விரிந்தது. மறுநாள் காலையில் மறுபடி சுருங்கிவிட்டது. டாக்டர் அளவைக் கூட்டினார். கொஞ்சம் தேறினார். பத்து மணிக்கு மறுபடி நுரை. டாக்டர் சட்டைக்கு மேலேயே அக்குளில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"வயிறு சுத்தமாத்தானே கழுவினோம்?" என்றார்.

"தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவினேன் சார்."

"அப்ப இன்னும் எங்கிருந்து ஏறுது?"

சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஈரத்துணியில் துடைத்துவிடலாம் என்று மேல் பொத்தானைக் கழற்றினேன். உள்ளேயிருந்து வாடை முகத்தில் அடித்தது. மாரும் வயிறும் எண்ணெய் பூசியது போல இருந்தன. தொப்புளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. முதுகைத் திருப்பினால் தோளிலிருந்து இடுப்புவரை கோடு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. தலைமுடி பிசுபிசுத்தது. ஒரு நாள் முழுக்க அந்த விஷம் தோல் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் மேலே சட்டையைப் போட்டு மூடி வைத்து, ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

"குளிப்பாட்டாம கொண்டாந்தியா?" என்று பாண்டியம்மாளைப் பார்த்துக் கத்தினேன்.

"குளிப்பாட்ட எங்கம்மா நேரம்? பந்தல்ல இருந்து தூக்கியாந்து, மூஞ்சியத் தொடச்சு, சட்டைய மாட்டி ஜீப்புல ஏத்துனோம்."

"குளிப்பாட்ட நேரமில்ல, சட்டை மாத்த மட்டும் நேரம் இருந்துச்சா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போன மாசம் எம் மகளக் காச்சலுக்குக் கூட்டியாந்தப்ப நீங்கதேன் வஞ்சீக. அழுக்குத் துணியோட வந்து பெட்டுல படுக்குறீக, ஒங்களுக்கெல்லாம் ஊருல சோப்பே கெடைக்காதான்னு. அப்பறம் வெகுநேரம் கழிச்சுத்தேன் ஊசி போட்டீக. அதேன், சட்டையாச்சும் மாத்திக் கூட்டிப்போவோம், ஒடனே பாப்பாகன்னு..."

கோபமாகச் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டு நடந்துகொண்டேன் என்கிற மாதிரிதான் சொன்னாள். அவள் மகளை எனக்கு நினைவே இல்லை. திட்டியது நினைவில்லை. அப்படி எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், எதை நினைவு வைப்பது?

வார்டு ஆயா லட்சுமியைக் கூப்பிட்டேன். அவளும் அதே காலனிதான். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு கட்டி சோப்பு. தலையிலிருந்து கால்வரை மூன்று தடவை கழுவினோம். நகக்கண்ணையும் காது மடலையும் விடவில்லை. இடுப்பில் அரைஞாண் கயிறு மருந்தில் ஊறி விறைத்துக் கிடந்தது. கத்தரியை எடுத்தேன். பாண்டியம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அறுக்காதீகம்மா! உசுரு போனாத்தேன் அறுப்பாக!"

"அறுக்கலேன்னா உசுரு போயிரும்" என்றேன்.

ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு வாசல் கடைக்கு ஓடினாள். கறுப்புக் கயிறு ஒன்றை வாங்கிவந்து, தன் கையாலேயே அவர் இடுப்பில் கட்டி முடிச்சுப் போட்டாள். அதற்குப் பிறகுதான் பழையதை அறுக்க விட்டாள். என்னிடம் கையுறை ஒரு ஜோடிதான் இருந்தது, அதை லட்சுமிக்குக் கொடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் எனக்குத் தலை சுற்றியது, கண் மங்கியது. ஒரு மணி நேரம் துடைத்ததற்கே இப்படி என்றால் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கண்மணி சுருங்கவில்லை. ஊசியின் அளவு குறைந்தது. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பேச்சுக் குறைவான மனிதர். "ரொம்ப செரமம் குடுத்துட்டேன் சிஸ்டரம்மா" என்று என்னிடம் சொன்னார்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், அவர் குடிக்கலை. மருந்தடிக்கும்போது தோல்ல ஏறியிருக்கு. இதை மாத்தணும்."

"தெரியும் சிஸ்டர். அன்னைக்கு நீங்க கழுவினதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும் சார்."

சுண்டு விரல்வரைக்கும் கழுவி முடித்தார். "போலீஸுக்குத் தகவல் போயாச்சு. இப்ப திருத்தினா, முதல்ல ஏன் அப்படி எழுதினீங்கன்னு உங்களைக் கேப்பாங்க. அப்புறம் கேஸ் தோட்டக்காரர் பக்கம் திரும்பும். வக்கீல் வைப்பாங்க. கோர்ட்டுல யார் வந்து சாட்சி சொல்றது? நீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். ஆள் பிழைத்துவிட்டாரே, ஒரு வரியில் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒரு வரியில் என்னென்ன வந்தது என்று லட்சுமி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தற்கொலைக்கு முயல்வது அப்போது குற்றம். மாரிச்சாமியை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் காலையிலிருந்து சாயங்காலம்வரை பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். அப்படிப் பல நாள். டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கூடப் பிறந்த அக்காவே பாண்டியம்மாளைப் பார்த்து, "எந்தம்பியக் குடிக்க வச்சவ" என்று தெருவில் நின்று வைதாள். மகளுக்குச் சின்னமனூர்ப் பக்கம் பேசி வைத்திருந்த இடம், மருந்து குடிக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று விலகிக்கொண்டது. ஆஸ்பத்திரிப் புத்தகத்திலேயே இருக்கிறது என்றால் யார் மறுத்துப் பேசுவது?

அடுத்த கவாத்து வந்தது. மாரிச்சாமி மறுபடி மருந்தடிக்கத்தான் போனார். அவருக்கு வேறு வேலை எங்கே? வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் பந்தல்தான்.

ஒருநாள் காலையில் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த லட்சுமி நிமிராமலேயே சொன்னாள். "மாரிச்சாமி போயிட்டாரு சிஸ்டர்."

"எங்கே?"

"செத்துப்போயிட்டாரு. முந்தாநாள். அடிச்சிட்டு வந்து வாசல்லயே விழுந்திருக்காரு. பாண்டியம்மா ஜீப்பே கூட்டியாந்துட்டா. ஏற மாட்டேன்னுட்டாராம். மோரும் புளித்தண்ணியுமாக் குடுத்துப் பாத்திருக்காக. நேத்து எடுத்துட்டாக. ஆசுபத்திரி போலீசுன்னு ஒருத்தருக்கும் சொல்லல."

துடைப்பத்தை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "மறுபடியும் குடிச்சிட்டாருன்னுதேன் எல்லாரும் பேசுறாக. பாண்டியம்மாள யாரும் ஏறெடுத்துப் பாக்குறதில்ல."

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாண்டியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றாள்.

"ஒரே ஒரு தாளு வேணும்மா. அவுக குடிக்கலன்னு எழுதிக் குடுங்க. எம் மகளுக்காக."

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முதல் தடவையாக ஒரு நோயாளியின் வீட்டு ஆளை நேராகப் பார்த்துப் பேசினார். "இந்தத் தடவை அவரு இங்க வரவே இல்லையேம்மா. பாக்காத ஆளுக்கு நான் எப்படித் தாள் குடுக்க முடியும்?" அவர் சொன்னது விதிப்படி சரி. அவள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். நான் கூடவே வாசல்வரை வந்தேன்.

பதினாறாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அதனால் எனக்கு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது பெரிதல்ல. நான் காலனியில் போய்ப் பேசியது அன்றே தோட்டக்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பதிவேட்டில் நான் எழுதியது தவறு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் மாற்றல்தான் வந்தது. சொந்த ஊர்ப் பக்கம், தண்டனை என்றுகூடச் சொல்ல முடியாது. மாற்றல் வருகிறவரை இருந்த மாதங்கள்தான் கஷ்டம். கூட வேலை பார்த்தவர்கள் என்னோடு பேசினார்கள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். அறையில் ஐந்து நாற்காலி, நான் ஒருத்தி. எதிர்த்துப் பேசி வைதிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். அதையும் சீக்கிரம் அணைத்துவிடுவேன்.

அந்த மாதங்களில் விஷம் என்று யார் வந்தாலும் முதலில் சட்டையைக் கழற்றினேன், சோப்பு போட்டுக் கழுவினேன். எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். திராட்சைக்கு அடித்தபோது என்று எழுதிய பக்கங்களிலும் டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பையனைத் தூக்கி வந்தபோது, வாசலில் வைத்தே, "சட்டையைக் கழட்டிட்டீங்களா சிஸ்டர்?" என்றார். அந்த மனிதர் அதற்கு மேல் இறங்கி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்று அவர் மேலிருந்த கோபம் போய்விட்டது. என் மேலிருந்தது போகவில்லை.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை யூனிஃபாரத்தோடுதான் போனேன். நான் யார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். லட்சுமி வழி காட்டினாள். பந்தலுக்குள் குனிந்து போகிற பாதை. அன்றும் எங்கேயோ அடித்திருந்தார்கள், தொண்டை கரகரத்தது. வீட்டு முன்னால் சாமியானா போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாரிச்சாமியின் அக்கா நடுவில் இருந்தாள். பாண்டியம்மாள் தனியாக, அடுப்படிச் சுவரை ஒட்டிக் குத்தவைத்திருந்தாள். அவள் பக்கத்தில் மகள் மட்டும். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். எனக்கு இப்போதும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை, நான் திட்டிய முகம்.

ஒருவர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை.

"மாரிச்சாமி மருந்து குடிக்கலை" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. வார்டில் அப்படி வராது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "முதல் தடவை வந்தப்ப அவர் வயித்துல கூழு மட்டும்தான் இருந்துச்சு. நான் பாத்தேன். ஒடம்பு பூரா அடிச்ச மருந்து. நான் கேக்காம, வெசாரிக்காம, குடிச்சாருன்னு எழுதிட்டேன். இந்தம்மா அப்பவே சொன்னா. நான்தான் நம்பலை. தப்பு என்னோடது. இந்தத் தடவையும் அவர் குடிச்சிருக்க மாட்டாரு."

மாரிச்சாமியின் அக்கா எழுந்து, தட்டுத்தடுமாறிப் பாண்டியம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஆத்தா, ஒன்னயப் போயி..." என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கூட்டத்தில் இரண்டு மூன்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வந்த காரியம் முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொள்ளவும் ஆரம்பித்திருந்தேன்.

பாண்டியம்மாள் அழவில்லை. நாத்தனாரின் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

"இத்தன பேருக்கு முன்னாடி வந்து சொன்னீக. நல்லா இருப்பீகம்மா" என்றாள். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளும்மா."

"ஜீப்பு வாசல்ல நிக்கிது. நாங் கையப் பிடிச்சு இழுக்கேன். மறுபடியும் குடிச்சேன்னுதேன் எழுதுவாக, எம் மகளுக்கு இருக்குற பேரும் போயிரும், நான் வரலடின்னு கதவப் பிடிச்சுக்கிட்டாக. விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சேன், முடியல. நீங்க அன்னைக்கே இத எழுதியிருந்தீகன்னா வந்திருப்பாக. வந்திருந்தாப் பொழச்சிருப்பாகளா?"

இந்தக் கேள்வியை என் வேலையில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கென்று எங்களிடம் பதில்கள் உண்டு. நேரம் வந்துவிட்டது என்போம், எல்லாம் ஆண்டவன் கையில் என்போம். கேட்டவர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொழச்சிருப்பாரும்மா" என்றேன்.